ஹவ்வாவின் மகன்

சட்டைக்கு அளவெழுதும் கொப்பியைத் தவிர வேறெதிலும் நான் எழுதியவன் அல்ல. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. சொந்த ஊர் நிந்தவூர். கல்முனைக் கடைத்தெருவில் தையல் மெஷினுக்குப் பின்னால் குனிந்தபடியே தலை நரைத்தவன். கடைக்கு வருகிறவர்களோடும் அளவுக்கு மேல் கதைக்க வராது. அப்படிப்பட்டவன் பேனா பிடிப்பது அதிகப்படி என்று தோன்றினால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்கள். எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு நெருப்புக் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர்கள் தங்கள் ஆஸ்பத்திரி நாட்களை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி சனங்களுக்குச் சொல்ல அது உதவுமாம். எழுத உட்கார்ந்தால் காய்ச்சலுக்கு முன்னால் வந்து நிற்கிறவர், பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒரு ஆமிக்காரர்.

இந்த நாளில் ஆமிக்காரரைப் பற்றி எழுதலாமா என்று என் மனைவி ஆசியா கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஏழு வருடத்தில் அந்தச் சொல்லின் பாரம் மாறிவிட்டது. பச்சை லொறி வருகிறதென்றால் நானும் கடைக் கதவை இழுத்துச் சாத்துகிறவன்தான். ஆனாலும் அவர் செய்ததை எழுதிவைக்க வேறு ஆள் இல்லை.

சூறாவளி அடித்து இரண்டு கிழமையில் எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. முதல் நாள் தலையிடி மட்டும்தான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் காய்ச்சல் ஒரு படி ஏறும், காலையில் அரைப்படி இறங்கும். மாடிப்படி ஏறுகிற ஆள் மாதிரி. டிஸ்பென்சரியில் மலேரியாக் குளிசை தந்தார்கள். ஆறாம் நாள் ஒரு சட்டைக்கு இரண்டு இடக் கைகளை வைத்துத் தைத்துவிட்டேன். ஆசியா அந்தச் சட்டையை விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது சும்மாக் காச்சல் இல்ல, எழும்புங்க" என்றாள்.

பக்கத்து வீட்டு டிரக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டு என்னைக் கிடத்திக் கல்முனைக்குக் கொண்டுவந்தார்கள். காரைதீவுப் பக்கம் பாதையின் இரு கரையிலும் வெட்டிய தென்னங்குற்றிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. வெட்டுவாய்கள் எல்லாம் வெள்ளையாக, நிறைய முகங்கள் என்னைப் பார்ப்பதுபோல இருந்தன. அந்தப் பாதையை யார் திறந்தது என்று நான் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரி விறாந்தையில் எழுபது, எண்பது பேர் இருந்திருப்போம். எல்லோருக்கும் ஒரே நோய்போல ஒரே மாதிரிச் சாய்ந்திருந்தோம். பெயர் கூப்பிடுகிறவரின் குரல் தண்ணீருக்கடியில் இருந்து கேட்டது. மூன்று தரம் கூப்பிட்டாராம், என் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஆசியாதான் என் கையைத் தூக்கிக் காட்டினாள். இரத்தம் எடுத்தார்கள். நாக்கைப் பார்த்தார்கள். வயிற்றில் அங்கங்கே இருந்த சின்ன ரோசாப்பூ நிறப் புள்ளிகளை டொக்டர் விரலால் அழுத்த, அவை மறைந்து திரும்ப வந்தன.

"நெருப்புக் காய்ச்சல்" என்றார். அழுக்குத் தண்ணீரில் வருகிற கிருமி குடலில் போய்ப் புண் போடுகிறது என்று ஆசியாவுக்கு விளங்கப்படுத்தினார். புண் ஆழமானால் குடலில் ஓட்டை விழும், இரத்தம் போகும். அதனால் சோறு கூடாது, எழும்பி நடக்கக் கூடாது, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குளிசை. மூன்றாவது கிழமைதான் பயம், அது போனால் ஆள் நமக்கு. இதையெல்லாம் அவர் சொல்லும்போது ஆசியா தலையாட்டினாள். என்னைப் பார்க்காமல் முந்தானையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதிலிருந்துதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

எங்கள் வாட்டுக்குக் கூரை இல்லை. சூறாவளி கொண்டுபோன தகரங்களுக்குப் பதிலாகப் பெரிய பச்சைக் கன்வஸ் படங்கு ஒன்றை ஆமிக்காரர்கள் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெயில் அதனூடாக வடிந்து வந்ததால் பகல் முழுவதும் உள்ளே பச்சை வெளிச்சம். கட்டில்கள் பச்சை, தாதி மிஸ்ஸிமாரின் வெள்ளைத் தொப்பிகள் பச்சை, சேலைன் போத்தலில் சொட்டுகிற தண்ணீரும் பச்சை. காற்றுக்குப் படங்கு மெதுவாக உப்பி இறங்கும். கடலின் அடியில் கிடக்கிறோம், மேலே அலை போகிறது என்று நினைத்துக்கொள்வேன். கடலும் கிட்டத்தான் கேட்டது. இடையில் நின்ற தென்னைகள் விழுந்துபோனதில் அதன் சத்தத்துக்கு மறைப்பு இல்லை. காய்ச்சல் ஏறும்போது படங்கின் தையலை எண்ணுவேன். இரட்டைத் தையல், மெழுகு நூல், அங்குலத்துக்கு ஐந்து. நல்ல வேலை. எண்ணி முடிப்பதற்குள் தையல் எறும்பு வரிசையாகி நடக்கத் தொடங்கும்.

எனக்கு வலப்பக்கத்துக் கட்டிலில் அவர் கிடந்தார். வாட்டில் ஆட்கள் நிறைந்திருந்ததால் கட்டில்களுக்கு இடையில் ஒரு முழம்தான் இடைவெளி. வயது முப்பத்தெட்டு இருக்கும். பெயர் குணபால. மலைப்பக்கத்துச் சிங்களவர். மரம் அறுத்துப் பாதை திறக்க வந்த கூட்டத்தில் ஒருவர். அந்தக் கூட்டம் வேலை முடித்து மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டது. பாலங்கள் உடைந்த பாதையில் இவரை ஏற்றி இறக்குவது கூடாது என்று டொக்டர் வைத்துக்கொண்டார். இடது கால் இரண்டு தலகணிகளின் மேல் இருந்தது. பாதம் கறுத்து வீங்கி, காயக்கட்டு மாற்றும்போது வாட்டே மூக்கைப் பொத்தும்.

இடப்பக்கத்தில் சாய்ந்தமருது ஆதம்பாவா. அம்பாறைச் சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவர், நல்லாகச் சிங்களம் கதைப்பார். கூரையில் இருந்து விழுந்து கை முறிந்திருந்தது, வாய்க்கு ஒன்றும் இல்லை.

"காக்கா, ஆமிக்காரனுக்கு என்ன காயம் தெரியுமா? குண்டு இல்ல, வெடி இல்ல. ஆணி குத்தின. ஒரு ஆணிக்கு ரெண்டு தலகணி. என்ட கை முறிஞ்சதுக்கு ஒண்டும் இல்ல."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

குணபாலவுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும், மன்னார்ப் பக்கம் இருந்திருக்கிறார். "ஓம், ஆணிதான்" என்றார். "சின்ன ஆணி." விரலில் அளவும் காட்டினார்.

அவர் என்னை 'நானா', எங்களில் அண்ணன், என்று கூப்பிடுவார். நான் அவரை 'மாத்தயா', சிங்களத்தில் ஐயா, என்பேன். பின்னேரம் ஐந்து மணிக்குக் காய்ச்சல் நூற்றுமூன்றுக்குப் போய் நான் பிதற்றத் தொடங்கினால், தன்னுடைய குவளைத் தண்ணீரில் சீலைத்துண்டை நனைத்து, கையை நீட்டி என் நெற்றியில் போடுவார். அவராலும் எழும்ப முடியாது. சூடேறியதும் எடுத்துப் பிழிந்து திரும்பப் போடுவார். இருட்டும்வரை அப்படியே. ஆசியா வந்துபோகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் என்னைப் பார்த்தவர் அவர்தான். ஒருநாள் மிஸ்ஸி, "உங்களுக்கும் காய்ச்சல்தானே, படுங்க" என்று அவரை அதட்டினா. எனக்கு அது அதுவரை தோன்றவில்லை. அவருக்கும் நூற்றிரண்டு இருந்திருக்கிறது.

காலையில் காய்ச்சல் இறங்கிய நேரங்களில் கொஞ்சம் கதைப்போம். பத்தொன்பது வருடம் ஆமியில் இருக்கிறாராம்.

"எத்தின பேரச் சுட்ட?" என்று ஆதம்பாவா கேட்டார்.

"சுட்டதுதான்" என்றார் குணபால. "பெரிய ஆள் செத்தா, வானத்துக்குச் சுடுறது."

"வானத்துக்கா? அதுவும் ஓட்டயாகித்தான் இந்த மழ பெய்ஞ்ச."

குணபால சிரித்தார். ஆனால் பத்தொன்பது வருடத்தையும் அவர் சொல்லக் கேட்டபோது எனக்கு அது மில்லில் கூலிக்கு மூட்டை சுமக்கிறவர் கதைபோலத்தான் இருந்தது. வெள்ளத்தில் வள்ளம் தள்ளியது. மண்சரிவில் ஆட்களைத் தோண்டியெடுத்தது. துறைமுகத்தில் வேலை நிறுத்தம் நடந்த நாட்களில் கப்பல் அரிசி மூட்டைகளை முதுகில் சுமந்தது. கலியாண வயதில் லீவு கிடைக்கவில்லை, கிடைத்தபோது அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. தகப்பன் மௌத்தான தந்தி, எங்கேயோ வெள்ளத்தில் நின்றவருக்கு ஆறு நாள் கழித்துக் கிடைத்தது. இதையெல்லாம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

ஆணி எப்படிக் குத்தியது என்று நான் கேட்டேன். காரைதீவில் பாதைக்குக் குறுக்கே கூரைத் தகரங்களோடு ஒரு தென்னை கிடந்திருக்கிறது. தகரத்தை இழுக்கும்போது துருப்பிடித்த ஆணி சப்பாத்தின் அடியால் ஏறி இறங்கிவிட்டது. அதற்குப் பிறகும் நாலு நாள், தண்ணீர் நிறைந்த சப்பாத்தோடு மரம் அறுத்திருக்கிறார்.

"ஏன் அண்டைக்கே வரல்ல?"

"பாதை முடிஞ்சு இல்ல" என்றார்.

அது எந்தப் பாதை என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நான் வைக்கோலில் கிடந்து வந்த பாதை. நான் வருவதற்கு முதல் நாள்தான் திறந்திருக்கிறது.  ஆதம்பாவா தன் தலைக்கு இருந்த தலகணியை எடுத்து, "இதையும் அந்தாளுட காலுக்கு வைங்க" என்று மிஸ்ஸியிடம் கொடுத்தார்.

கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. டொக்டர் அவரிடம் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னதை ஆதம்பாவா எனக்கும் ஆசியாவுக்கும் தமிழில் சொன்னார். காலில் இரத்தம் ஓடாத இடம் செத்துப்போய்விட்டது. செத்த இடத்து நஞ்சு மேலே ஏறுகிறது. இப்போது வெட்டினால் முழங்காலுக்குக் கீழே வெட்டலாம் என்று இடத்தையும் டொக்டர் விரலால் காட்டினார். மூன்று நாள் போனால் மேலே வெட்டவேண்டும். அதற்கும் மேலே போனால் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, ஆள் முடிந்தார். ஒப்பம் வைத்தால்தான் வெட்டலாம். கடுதாசியை மிஸ்ஸி கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனா.

குணபால ஒப்பம் வைக்கவில்லை. முதல் நாளும் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. ஏனென்று கேட்டால் மேலே படங்கைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அந்த இரண்டு நாளும் என் நெற்றியில் துணி விழவில்லை. அவர் கையை நீட்டிப்பார்த்தார், கை பாதியில் தொங்கியது. நான்தான் என் துணியை நனைத்து அவர் பக்கம் எறிந்தேன். பெரும்பாலும் நிலத்தில்தான் விழுந்தது.

எனக்கு அப்போது மூன்றாவது கிழமை. காய்ச்சலின் மிக உயர்ந்த இடம் ஒரு சமவெளி மாதிரி. அங்கே நேரம் போகாது. ஆசியா பார்லித் தண்ணீர் கொண்டுவருவாள், கரண்டியால் பருக்குவாள், போய்விடுவாள், திரும்ப அவள் வாசலில் வந்துகொண்டிருப்பாள். எது முந்தியது எது பிந்தியது என்று தெரியாது. அவள் நிந்தவூரில் இருந்து பாதி வழி நடந்தும் பாதி வழி யாருடைய மாட்டுக் கரத்தையிலாவது ஏறியும் வருகிறாள் என்று பிறகுதான் அறிந்தேன். என்னிடம், "பஸ்ஸில நல்ல இடம் கிடைக்குது" என்றுதான் சொன்னாள். பஸ் ஓடவேயில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம். நான் கண்ணை மூடியிருந்தேன். கடற்கரை மண்ணில் நிற்கிறேன். சூறாவளிக்குப் பிறகு எங்கள் கரையில் ஒரு மையித்து ஒதுங்கியது. யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் எடுத்து அடக்கினோம். எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடக்கி மண் தள்ளியபின் பள்ளிவாசல் லெவ்வை கபுறடியில் குந்தியிருந்து தல்கீன் ஓதுவார். இறந்தவரை, இன்ன தாயின் மகனே என்று தாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கபுறில் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதிலை நினைவூட்டுவார். தாயின் பெயர் தெரியாவிட்டால் ஆதமின் மனைவி, ஆதித் தாயான ஹவ்வாவின் பெயரைச் சொல்வார்கள். அந்த மையித்தையும் லெவ்வை ஹவ்வாவின் மகனே என்றுதான் கூப்பிட்டார். காய்ச்சலில் நான் திரும்பவும் அந்தக் கபுறடியில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். "ஹவ்வாட மகன் குணபால."

 ஆள் முடிந்துவிட்டார், அடக்கியும் விட்டார்கள், நான் கிடந்தபடி தவறவிட்டேன் என்று நினைத்தேன். "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று சாவுக்குச் சொல்வதை உரத்துச் சொல்லி அழத் தொடங்கினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. வாட்டு முழுக்க எழும்பிவிட்டது.

"ஆரு நானா செத்தது?" என்று ஒரு குரல் கேட்டது.

"நீங்கதான் மாத்தயா" என்றேன் அழுதுகொண்டே.

"நான் இன்னும் செத்து இல்ல."

கண்ணைத் திறந்தேன். பச்சை வெளிச்சத்தில் குணபால தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கால்மாட்டில் ஆசியா ஓதிய தண்ணீர்ப் போத்தலோடு விறைத்துப்போய் நின்றாள். அவளுக்கு வெட்கத்தில் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"லெவ்வைக்கிட்ட உங்களுக்குத் தண்ணி ஓதப் போன" என்று என்னிடம் சொன்னாள். "இவருக்கும் ஓதித் தாங்க எண்டன். நோயாளிட உம்மாட பேரு வேணுமாம். எனக்குத் தெரியாதே. அப்ப ஹவ்வாட பேரப் போட்டு ஓதின. தெளிக்கக்குள்ள நானும் அப்புடிச் சொல்லித் துஆக் கேட்ட. நீங்க ஆள அடக்கிப்போட்டீங்க."

ஆதம்பாவா வயிறு குலுங்கச் சிரித்தார். முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஹவ்வாட மகனா? நான் ஆதம்பாவா. அப்ப எனக்குத் தெரியாம எனக்கொரு மகன்" என்றார். பிறகு நடந்ததைச் சிங்களத்தில் குணபாலவுக்கு விளக்கினார். குணபாலவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் இடையில் நிறுத்தினார்.

"என்ட அம்மாட பேரு புஞ்சி மெனிக்கே" என்றார்.

"நல்ல பேரு தம்பி. நாளைக்கு லெவ்வைக்கிட்டச் சொல்லுறன்" என்றாள் ஆசியா.

"அம்மாக்குச் சொல்ல வேணாம்" என்றார் அவசரமாக. லெவ்வை யாரோ தபால்காரர் என்று நினைத்தாரோ என்னவோ. அதற்குப் பிறகுதான் மனதில் இருந்தது வெளியே வந்தது. பாதியைத் தமிழிலும் பாதியைச் சிங்களத்திலும் சொன்னார், ஆதம்பாவா இடையிடையே விட்டதைச் சேர்த்தார். அவர்கள் வழக்கத்தில், வெளியூர் போய்வருகிற மகன் தாய்க்கு முன்னால் முழங்காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பான். பத்தொன்பது வருடமும் ஒவ்வொரு லீவுக்கும் அப்படித்தான். தாய் அவருடைய தலையில் கைவைத்துப் புத்தரின் பெயர் சொல்லுவா. கால் போனவன் எப்படி முழங்காலில் விழுவது? நின்றுகொண்டு கும்பிட்டால் அது கும்பிடு இல்லை. அம்மா தலையைத் தொடவேண்டுமென்றால் அவ எட்டிப்பிடிக்கவேண்டும். அவ உயரம் குறைந்த ஆள். அதற்குச் செத்துப்போகலாம் என்றார்.

 ஆசியாவுக்கு ஆமியும் தெரியாது, சிங்களமும் தெரியாது. அவள் அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு டொக்டர் காட்டிய இடத்தைப் பார்த்தாள்.

"டொக்டர் மொழங்காலுக்குக் கீழதானே வெட்டுறெண்டார்" என்றாள். "மொழங்கால் இரிந்தா மொழங்காலில விழலாம்தானே தம்பி. அதுக்குக் கீழ கிடக்கிறதால உம்மாவக் கும்புடுறல்லயே. இன்னும் ஒரு நாள் பாத்துக்கிட்டுக் கிடந்தாத்தான் அதுவும் போயிரும்."

ஆதம்பாவா அதைச் சிங்களத்தில் சொல்ல வாயெடுத்தார். குணபால கையைக் காட்டி நிறுத்தினார். விளங்கிவிட்டது.

 படங்கு உப்பி இறங்கியது. பிறகு என் பக்கம் திரும்பி, "நானா, நீங்க டெய்லர். அளந்து பாருங்க" என்றார்.

எழும்பக் கூடாது என்பது எனக்குக் கட்டளை. ஆனால் கட்டில்களுக்கு இடையில் ஒரு முழம்தானே. ஒருக்களித்துப் படுத்துக் கையை நீட்டினேன். என் கையில் அளவு நாடா இல்லை, ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அவனுடைய சாண் எத்தனை அங்குலம் என்று தெரியும். எனக்கு எட்டே முக்கால். மற்ற மனிதரை அளவெடுக்கும்போதுகூட முகத்தைப் பார்க்கக் கூசுகிறவன் நான். அன்று அவருடைய முழங்காலின் சில்லைத் தடவிப்பார்த்து, அங்கே கட்டைவிரலை வைத்து, சுண்டுவிரலைக் கீழே இழுத்தேன். தோல் நெருப்பாகச் சுட்டது. என் கையும் சுட்டிருக்கும், யாருடைய சூடு என்று தெரியவில்லை. கறுப்பு தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல் முன்னதாகவே என் சுண்டுவிரல் நின்றது.

"ஒம்பதரை அங்குலம் நல்லாயிரிக்கி" என்றேன்.

"காணுமா?"

"முழங்கால் மடியிறதுக்கு நாலு அங்குலம் காணும். மிச்சம் டொக்டருக்கு."

அவர் தலைமாட்டில் இருந்த கடுதாசியை எடுத்தார். பேனா இல்லை. ஆதம்பாவா வாட்டின் அந்தத் தொங்கலில் கிடந்த கடைசிக் கட்டில்வரை கேட்டு, ஒரு பேனா கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. குணபால நெஞ்சின் மேல் கடுதாசியை வைத்து ஒப்பம் வைத்தார். மிஸ்ஸி வந்து வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, டொக்டரைத் தேடி விரைவாகப் போனா.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவரைக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே ஐந்து அங்குலம் விட்டு வெட்டினார்கள். பின்னேரம் நாலு மணிபோல் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். எனக்கு அன்று பின்னேரம் காய்ச்சல் நூற்றொன்றுக்கு மேல் ஏறவில்லை.